பத்து மணிக்கு வரும் அறை

உடைமரங்களை எட்ட இன்னும் நாற்பது அடி இருந்தது, தங்கபுஷ்பம் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு வரப்பின்மேல் ஓடினாள், வழுக்கினாள், ஒரு கால் பாத்திக்குள் இறங்கி முழங்கால்வரை உப்புநீர் அடித்தது, மறு காலை ஊன்றி எழுந்து, இனி முடியாது என்று உடம்பு சொல்லிவிட்ட அந்த இடத்தில் நின்றபோது, எதிரே நீலப் பெயின்ட் அடித்த தகரக் கதவு ஒன்று இருந்தது. கதவுக்குப் பின்னால் சுவர்களும் மேலே சிமெண்ட் ஷீட்டும் இருந்தன. யோசிக்க நேரமில்லை. கொண்டியைத் தள்ளி உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது சந்தனமாரி தலைச்சும்மாட்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு நேரே நின்றிருந்தாள். இருபது வருஷமாகத் தங்கபுஷ்பத்தோடு சேர்ந்து உப்பு வாருகிறவள் அவள், எட்டு வயது இளையவள்.

"உள்ள தண்ணி வருதா யக்கா?"

"வருது. நல்ல தண்ணி."

"கப்பு கெடக்கா?"

"செவப்பு கப்பு ஒண்ணு கெடக்கு."

"அப்பம் தள்ளு" என்று சந்தனமாரி உள்ளே போய்க் கொண்டியைப் போட்டாள்.

அன்று அந்த உப்பளத்தின் முப்பத்திரண்டு பெண்களும் வரிசையாய் நின்று போய் வந்தார்கள். கடைசிப் பெண் வெளியே வந்து சேலையை உதறிக்கொண்டு நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தபோது அறை அங்கே இல்லை, அது நின்ற இடத்தில் உப்புப் பொருக்கு உடையாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பத்துக்கு அறுபத்திரண்டு வயது. அளத்தில் வேலை செய்கிற பெண்கள் கருக்கலில் வீட்டில் போய்விட்டு வந்தார்களென்றால் பிறகு மதியம் திரும்பும்வரை போக இடம் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாய், தட்டையாய்க் கிடக்கிற மண்ணில் தூரத்து உடைமரங்களை விட்டால் மறைவு என்று ஒன்று கிடையாது, ஆகவே அவர்கள் தண்ணீர் குடிக்காமலிருக்க உடம்பைப் பழக்கியிருந்தார்கள், வெயில் மண்டையைப் பிளந்தாலும் நாக்கை நனைப்பதோடு சரி, அப்படியும் முடியாமல் போனால் நாலு பேர் முதுகைக் காட்டி வட்டமாக நின்று முந்தானையை விரிக்க நடுவில் ஒருத்தி உட்காருவாள், ரோட்டிலிருந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதுவரை தங்கபுஷ்பமும் அப்படித்தான் சமாளித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அரைமணிக்கொருதரம் வர ஆரம்பித்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வந்தது, வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தால் வந்தது, குனிந்தால் வந்தது, தும்மினால் கேட்காமலே வந்தது, அடித்துப்பிடித்து ஓடி உட்கார்ந்தால் நாலு சொட்டு. அரைமணிக்கொருதரம் எத்தனை பேர்தான் வேலையை விட்டுவிட்டு வட்டமாக நிற்பார்கள். கங்காணி எபனேசர், "இப்பத்தான போனீய புஷ்பக்கா" என்பார். அதில் கோபம் இருக்காது, அதுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அறை எப்படி வந்தது என்று அளத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு வாளி போதுமா, வெளிச்சத்துக்கு ஒரு ஓட்டை வேண்டாமா என்றுதான் பேசினார்கள். தங்கபுஷ்பத்துக்கு முட்டிக்கொண்டு வரும்போது அது வரும், அவள் எங்கே நின்றாலும் நாலு எட்டுக்குள் வரும், அவள் போய் வந்தபின் வரிசையில் கடைசி ஆள் வெளியேறும்வரை நிற்கும். அவள் வேலைக்கு வராத அன்று வராது. ஒருத்தி கைக்கண்ணாடி ஒன்றை உள்ளே ஆணியில் மாட்டிவைத்தாள், அடுத்த தரம் அறை வந்தபோது கண்ணாடியும் வந்தது. இன்னொருத்தி சோப்பு வைத்தாள். எபனேசர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"யாரு கெட்டுனா இத?"

"அதுவா வந்துச்சு அண்ணாச்சி" என்றாள் சந்தனமாரி.

"மொதலாளிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரப்படாதா?"

"இனும வரும்போது கேக்கச் சொல்லுதோம்."

பெண்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு டம்ளர், பிறகு அரைச் செம்பு, பிறகு ஆளுக்கொரு பாட்டில் இடுப்பில் தொங்கியது. நீர்க்கடுப்புக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதை மறந்தார்கள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் கைவீசி நடந்தார்கள், தலைசுற்றிப் பாத்தியில் விழுகிற ஆள் அந்தக் கோடையில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அரைமணிக்கொருதரம் அறை வந்து முப்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்றால் உப்பை யார் வாருவது என்று எபனேசர் கேட்டார், நியாயமான கேள்விதான், ஆகவே காலை பத்து மணிக்கு ஒருதரம் எல்லாரும் போவது, மற்ற நேரம் புஷ்பக்கா மட்டும் போய்க்கொள்வது என்று முடிவாயிற்று. பத்து மணிக்கு அறை தவறாமல் வரவேண்டும். அதனால் ஒன்பது மணிக்கு அவளுக்கு இரண்டு செம்புத் தண்ணீரும் ஒரு கட்டன் சாயாவும் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. கொடுக்கிற பொறுப்பைச் சந்தனமாரி எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தாகம் இல்லட்டி."

"ஒனக்காகவா குடிக்கச் சொல்லுதேன்? குடி யக்கா."

அவள் குடித்தாள். குடிக்கக் குடிக்க அரைமணி கால்மணி ஆயிற்று. உள்பாவாடை ஈரமாகவே இருந்து தொடை இடுக்கு வெந்து புண்ணாயிற்று, உப்புக்காற்று அதில் பட்டு எரிந்தது. வீட்டிலும் படுக்கையைச் சுற்றி அறை வந்து வந்து போனதில் அவளுக்குத் தூக்கம் இரண்டிரண்டு மணிநேரத் துண்டுகளாகிவிட்டது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் அவளுக்கு இடம்விட்டு எழுந்தார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்த்தினார்கள், பக்கத்து அளத்துப் பெண்கள், "எங்க அளத்துக்கு வந்திருங்க மதினி" என்று ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

புரட்டாசி மாதம் ஊராட்சியிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். அவர் கையிலிருந்த பட்டியலில் அந்தப் பகுதியில் கட்டி முடித்த கழிப்பறைகள் நாற்பத்தாறு இருந்தன, நாற்பத்தேழு இருக்கவேண்டும். பத்து மணிவரை காத்திருந்தார், அறை வந்தது, கதவில் வெள்ளைப் பெயின்டால் 47 என்று எழுதினார், தங்கபுஷ்பத்தை அதன் முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார். கட்டடம் கட்டப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுதிய தாளில் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். சந்தனமாரி முதலில் போட்டாள். "இருக்கு, போறோம், வாறோம். இதுல என்ன பொய் இருக்கு?" என்று தயங்கினவர்களைக் கேட்டாள். நல்ல அறை கிடைத்த பெருமையில் எல்லாரும் விரலில் மையைத் தடவிக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. திருச்செந்தூரில் அவளுடைய அக்கா வேலம்மாள் ஒருபக்கம் விழுந்து நாலு வருஷமாகப் படுக்கையில் கிடந்தாள். போனை எடுத்தால், "எப்பட்டி வருவ?" என்பதுதான் முதல் பேச்சு. அக்காவின் பேச்சு வரவரக் குழறியது. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணிநேரம். அந்த ஒன்றேகால் மணிநேரத்தை உட்கார்ந்து கடக்கத்தான் அவளால் முடியவில்லை. அறை வந்த புதிதில் தைரியமாக ஒருநாள் ஏறினாள். முக்காணிப் பாலத்தில் முட்டிக்கொண்டு வந்தது. அறையும் வந்தது, ரோட்டோரம், பஸ் அதைத் தாண்டிப் போயிற்று, மறுபடி முன்னால் வந்து நின்றது, மறுபடி தாண்டிற்று, பனைகளுக்கு நடுவே நீலக் கதவு வந்து வந்து பின்னால் போவதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்டக்டர் விசிலை ஊதவில்லை, ஆத்தூருக்கு முன்னால் சீட் நனைந்தது. நனைந்த அந்த நொடியில் அறை பாதிச் சுவரோடு கலைந்துபோயிற்று. அவள் இறங்கி, ரோட்டோரக் குழாயில் பிளவுசுவரை நனைத்துக்கொண்டு, மழையில் அகப்பட்டவள்போல நடந்து, எதிர்ப் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினாள்.

தை மாதம் புண்ணுக்கு மருந்து வாங்கப் போனபோது சுகாதார நிலையத்து நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரவைத்துக் கேட்டாள். எத்தனை தரம், எவ்வளவு வருகிறது, எத்தனை பிள்ளை, சாயா எத்தனை. யாரும் அதுவரை கேட்டிராத கேள்விகள்.

"இது வயசான பொம்பளைங்க நெறைய பேருக்கு இருக்குதும்மா. வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் சொல்றதில்ல. தண்ணிய நிறுத்தாதீங்க, மொத்தமாவும் குடிக்காதீங்க, நாள் பூரா பிரிச்சுக் குடிங்க. சாயாவ விடுங்க. வந்துச்சுன்னா ஓடாதீங்க."

"ஓடாட்டா?"

"அப்படியே நில்லுங்க. ஒண்ணுக்குப் போற வழிய உள்பக்கமா இறுக்கிப் பிடிங்க, பத்து எண்ணுங்க, விடுங்க. அஞ்சு தரம். மனச வேற எதுலயாவது வையிங்க. அலை மாதிரிதான், ஏறும், எறங்கும். எறங்கின பொறவு மெதுவா நடந்து போங்க. மொதல்ல அஞ்சு நிமிஷம் தள்ளிப் போடுங்க, பொறவு பத்து. ரெண்டு மூணு மாசம் ஆவும்."

தங்கபுஷ்பம் வேறு எதில் மனசை வைப்பாள். பஸ் போகிற ஊர்களைச் சொல்லிக்கொண்டாள். முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். ஓர் ஊருக்கு ஓர் இறுக்கு. சாயாவைச் சந்தனமாரி பார்க்காதபோது வரப்பில் ஊற்றினாள், தண்ணீரில் பாதியை மணலில் சாய்த்தாள். அரைமணி முக்கால்மணி ஆயிற்று. ஒருநாள் ஒருமணிநேரம் தாண்டியது, அன்று அவள் யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள்.

அறை தாமதிக்க ஆரம்பித்தது. பத்து மணிக்கு வரிசை நிற்கும், எதிரே வெறும் உப்பு வெளி இருக்கும். முப்பத்தோரு பேரும் அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"என்னக்கா, வரலியா?"

"வரலட்டி."

"நல்லா யோசிச்சுப் பாரு."

பங்குனியில் அவள் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டாள். அளத்துப் பெண்கள் பழையபடி தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள், ஆனால் குடித்துப் பழகிய உடம்பு கேட்கவில்லை. மூன்றாம் நாள் தலைச்சுமையோடு நடக்கும்போது சந்தனமாரிக்கே பாதத்தில் வழிந்தது. லாரியிலிருந்து ஒருவன் விசிலடித்தான். அன்று சாயங்காலம் அவர்கள் கூடி, எங்கள் அளத்துக்குக் கழிப்பறை கட்டித்தர வேண்டும் என்று மனு எழுதினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அந்த இடத்தில் ஏற்கனவே கழிப்பறை இருக்கிறது, எண் 47, பயனாளிகள் கையொப்பம் இணைப்பில். அதைக் காட்டிப் பக்கத்து அளங்களின் மனுவையும் தள்ளியிருந்தார்கள், கூப்பிடு தூரத்தில் ஒன்று இருப்பதாக. அது எப்போதும் அங்கே நிற்பதில்லை என்று மறுபடி எழுதினார்கள். புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் செய்தி வந்தது.

"புதன்கிழம நீ கட்டாயம் வரணும்" என்றாள் சந்தனமாரி, திங்கட்கிழமை வேலை முடிந்து நடக்கும்போது. "கங்காணி ரெண்டு எளனி வாங்கி வைக்காராம். வர்ற ஆளு பாத்துட்டு, இத நெரந்தரமா இங்கயே நிக்கவைக்க ஏதாவது வழி சொல்லுவாரு."

"நான் வரல. லீவு சொல்லிட்டேன்."

"எங்க போற?"

"அக்காளப் பாக்க. இப்பம் என்னால ஒண்ணேகால் மணிநேரம் தாங்கமுடியும். அன்னைக்கு நான் இல்லேன்னா அறையும் இருக்காது. வந்து பாக்கட்டும். இல்லன்னு எழுதட்டும். அப்பந்தான ஒண்ணு கெட்டுவான்?"

சந்தனமாரி நின்றுவிட்டாள். "எழுதி, அது மேல போயி, ஒத்துக்கிட்டு, கல்லு மண்ணு எறங்கி, அவன் கெட்டுததுக்குள்ள நம்ம எலும்புகூட மிஞ்சாது யக்கா. ஒன்னுது கையில இருக்கு. பத்து மணிக்கு வருது."

"நான் செத்துப்போனா?"

"சாவும்போது பாத்துக்கலாம்."

"எனக்குப் புண்ணு ஆறணும் மாரி. நான் பஸ்ஸுல உக்காரணும்."

"எங்க எல்லாரையும் விட ஒனக்கு பஸ்ஸுதான் பெருசாப் போச்சு" என்றாள் சந்தனமாரி. அது பொய்யில்லை என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது, அதனால் வலித்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குச் சந்தனமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பை நீட்டினாள். கோபமாயிருக்கிறவளோடு மல்லுக்கட்ட மனமில்லாமல், நாளைதான் போகப்போகிறோமே என்று, தங்கபுஷ்பம் இரண்டு செம்பையும் சாயாவையும் முழுசாகக் குடித்தாள். ஒன்பதரைக்கு வரப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வந்த பையனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை. நாளை வேறு ஊரில் கூட்டம் இருப்பதால் இன்றே வந்துவிட்டதாகச் சொன்னான்.

"நாப்பத்தேழு. நீலக் கதவு. எங்க இருக்கு?"

"பத்து மணிக்கு வரும் சார்" என்றார் எபனேசர்.

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சரி" என்று உப்பு அம்பாரத்தின் நிழலில் போய் நின்றான்.

வேலை நின்றது. பெண்கள் வரப்பில் வரிசையானார்கள். எபனேசர் ஓட்டமாய்ப் போய் ஓர் இளநீரைச் சீவிக் கொண்டுவந்தார். "குடிங்க புஷ்பக்கா." அவள் தலையாட்டினாள். பாத்திக்குள் கணுக்காலளவு உப்புநீரில் நின்றாள், ஏனென்றால் அங்கே நின்றபோதுதான் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது, நகர்ந்தால் வழிந்துவிடும் என்று தெரிந்தது. முள்ளக்காடு. இறுக்கினாள், பத்து எண்ணினாள், விட்டாள். பழையகாயல். அலை ஏறிற்று, இறங்கிற்று. பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. அவன் செருப்பில் ஒட்டிய உப்பைத் தட்டினான், போனில் யாரிடமோ பேசினான், யாரோ கொண்டுவந்த சாயாவை ஆற்றி ஆற்றிக் குடித்தான், அவன் ஆற்றும்போது சாயா விழுகிற சத்தம் அவளுக்கு அடிவயிற்றில் கேட்டது. முக்காணி. முக்காணியைத் தாண்டினாள். ஆத்தூர். இவ்வளவு நேரம் அவள் தாங்கியதே இல்லை. வெயிலில் மயிர்க்கால்கள் குளிர்ந்தன.

"பத்தே முக்கால் ஆச்சு" என்று அவன் அவள் நின்ற பாத்தியோரம் வந்து ஃபைலைத் திறந்தான். "வருமா, வராதா?"

"வரும் சார், வரும். புஷ்பக்கா, என்ன?"

ஆறுமுகநேரி. அவன் பேனாவை எடுத்தான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், இரண்டு எட்டு தள்ளி, காற்றில் நீலமாய் ஒரு விளிம்பு தெரிந்தது. தகரத்தின் ஓரம், பிறகு கொண்டி, பிறகு நாலும் ஏழும். வரப்பில் நின்ற அத்தனை பெண்களும் அதைப் பார்த்தார்கள். சந்தனமாரி பார்த்தாள். எபனேசர் கை நழுவிக் கீழே உருண்ட இளநீரை எடுக்கக் குனிந்திருந்தார். சார், திரும்பிப் பாருங்க என்று யாராவது ஒருத்தி சொன்னால் போதும். சந்தனமாரியின் வாய் திறந்தது. அவள் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

காயல்பட்டினம் என்று தங்கபுஷ்பம் சொல்லிக்கொண்டாள், இறுக்கம் நிற்கவில்லை, கதவு முழுசாயிற்று, ஒரு பக்கச் சுவர் எழும்பிற்று, அதன் நிழல் நீண்டு அந்தப் பையனின் தோளை எட்டப்போயிற்று. நாலு எட்டில் கதவு. போய்க் கொண்டியைத் தள்ளினால் போதும், யாருக்கும் தெரியாமல், மானத்தோடு. நாலு வருஷமாக அவள் ஓடியதெல்லாம் இதற்காகத்தான், பிறத்தியார் கண்ணில் படாமலிருக்க, ஆம்பிளைப் பையன்கள் முன்னால் சேலை நனையாமலிருக்க. அவள் அவனைப் பார்த்தாள். நின்ற இடத்தில் நின்றபடி, தலையைக் குனியாமல், விட்டாள்.

நிறைய இருந்தது. முடிய நேரமாயிற்று. சேலையின் முன்பக்கம் கருத்து, கால் வழியே இறங்கி, பாத்தியின் தண்ணீரில் சத்தம் கேட்டது. பையன் நிமிர்ந்தான், என்னவென்று புரிந்ததும் காது சிவந்து முகத்தைத் திருப்பினான், திரும்பியபோது அவன் பின்னால் அளம் கடல்வரை வெறுமையாய்க் கிடந்தது.

"இல்ல சார்" என்றாள் தங்கபுஷ்பம். "இங்க அப்படி ஒண்ணும் இல்ல. இருந்தா நான் இப்படியா நிப்பேன்? எழுதிக்கோங்க."

அவன் எழுதினான். எழுதியதை எபனேசர் எட்டிப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்து உதறிக் கட்டினார்.

"எப்பம் சார் கெட்டுவாங்க?" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மேல அனுப்புறேன்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மோட்டார் சைக்கிள் போயிற்று. வரிசை கொஞ்சநேரம் அப்படியே நின்றது, எல்லாருக்கும் போகவேண்டியிருந்தது, போக இடமில்லை. சிலர் தங்கபுஷ்பத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். ஒருத்தி, கேட்கும்படியாகவே, "இனும நாளைக்கு என்ன செய்யப்போறோம்" என்றாள். உடைமரங்களின் பக்கம் நாலு பேர் போனார்கள். மற்றவர்கள் பாத்தியில் இறங்கிப் பலகையை எடுத்தார்கள், உப்பை இழுக்கிற கரகர சத்தம் ஒன்றொன்றாய்க் கேட்கத் தொடங்கியது.

தங்கபுஷ்பம் வரப்பில் ஏறி நின்றாள். உப்புத்தண்ணீர் புண்ணில் பட்டுத் தீயாய் எரிந்தது. சந்தனமாரி அம்பாரத்தின் நிழலுக்குப் போய், எல்லாருக்கும் வைத்திருந்த குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள், எதிரே குத்தவைத்து உட்கார்ந்து குடத்தைச் சரித்தாள், தங்கபுஷ்பம் ஈரச் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டினாள், பிறகு மறு காலை.